கோப்பையை நீட்டுங்கள்: மலையில் ஓட விரும்பும் பெண்களுக்கு ஒரு வழிகாட்டி

1

என்னோடு ஒரே வகுப்பில் படித்த தவமணி இப்போது எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டு மலருக்குப் பொறுப்பாக இருக்கிறாள். போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வாட்ஸப்பில் அவளுடைய குரல் வந்தது. "சுகந்தி, நீ ஏதோ மலையைச் சுத்தி ஓடி முடிச்சனியாம். எங்கட பிள்ளையளுக்குப் பிரயோசனமா ஒரு வழிகாட்டி எழுதித் தாவன். கடைசியில கொஞ்சம் புத்திமதியும் போடு."

நான் அந்த ஓட்டத்தை முடித்து இந்தக் கிழமையோடு ஒரு வருடமாகிறது. அதனால் மறுக்க மனம் வரவில்லை. மறுப்பதை நான் ஏன் நிறுத்தினேன் என்பதுதான் இந்தக் கட்டுரை என்றும் சொல்லலாம்.

முதலில் ஓட்டத்தைப் பற்றி. ஐரோப்பாவில் மோன் பிளாங்க் என்று பனி மூடிய ஒரு மலை இருக்கிறது. பிரான்சில் புறப்பட்டு, இத்தாலிக்குள் இறங்கி, சுவிஸுக்குள் ஏறி, திரும்பப் பிரான்சுக்கு வந்து சேர்ந்தால் அந்த மலையை ஒரு சுற்றுச் சுற்றியதாகக் கணக்கு. யாழ்ப்பாணத்திலிருந்து வவுனியாவையும் தாண்டிப் போகிற தூரம். ஏற்றங்களை எல்லாம் கூட்டினால் எவரெஸ்ட்டை விட உயரம் வரும். வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டால் ஞாயிறு மாலைக்குள் வந்துவிட வேண்டும். வழியிலே தரிப்பிடங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு நேரம். அந்த நேரத்துக்குள் வராவிட்டால் மார்பில் குத்திய இலக்கத்தைச் செல்லாததாக்கிவிட்டு பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள்.

என்ன சப்பாத்துப் போடுவது, எப்படி மூச்சு விடுவது என்பதெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. அங்கே இல்லாததைத்தான் நான் எழுதப் போகிறேன். புத்திமதியும் போடுவேன். அது தவமணி எதிர்பார்க்கிற புத்திமதியாக இருக்குமென்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

2

விண்ணப்பம்.

நினைத்தவுடன் போய் ஓட முடியாது. சின்ன மலையோட்டங்கள் சிலவற்றை ஓடி முடித்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு குலுக்கல். குலுக்கலில் பெயர் விழுந்தால், கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைப் பதிய வேண்டும். எங்கள் ஆட்களுக்குச் சனி பிடிப்பது இந்த இடத்தில்தான்.

நாங்கள் அப்பாவின் பெயரை முன்னால் எழுதுகிற சனம். நான் கந்தையா சுகந்தி. கனடாவுக்கு வந்திறங்கிய அன்று, மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அலுவலர் முன்னால் இருப்பதுதான் என் பெயர் என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து நான் கந்தையா. வங்கியில் கந்தையா, பல் வைத்தியரிடம் கந்தையா. ஸ்காபரோ ஆஸ்பத்திரி ஒன்றின் கோப்பில் கந்தையா என்பவருக்குச் சுகப்பிரசவத்தில் ஒரு பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. மாற்றுவதற்கு ஒருமுறை வெளிக்கிட்டேன். இதை மாற்ற அது வேண்டும், அதை மாற்ற இது வேண்டும் என்று செக்கிழுத்துக் களைத்து, பாதியில் விட்டுவிட்டேன்.

இந்த ஓட்டத்தில் மார்பு இலக்கத்துக்குக் கீழே முதற்பெயரைப் பெரிய எழுத்தில் அச்சடிப்பார்கள். வழியில் நிற்கிற சனம் அதை வாசித்துக் கூப்பிட்டு உற்சாகப்படுத்தும். ஆக, ஆல்ப்ஸ் மலையை ஓடிச் சுற்றுவதற்குப் பதியப்பட்டவர் என் அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் போஸ்ட் மாஸ்டர். கை நீட்டி அடித்தவரில்லை, கண்ணாலேயே எல்லாம் நடத்துவார். நான் பள்ளிக்கூடத்தில் நன்றாக ஓடுவேன். தவமணிக்குத் தெரியும், அவள் எப்போதும் எனக்குப் பின்னால்தான் வந்தாள். நான் பெரிய பிள்ளையான வருடம், விளையாட்டுப் போட்டிக்கு முந்தின நாள் அப்பா வெள்ளை வேட்டியோடு பள்ளிக்கூடத்துக்கு வந்தார். அதிபரோடு கதைத்து என் பெயரை எடுப்பித்தார். என்னிடம் சொன்னது, போதும் என்கிற ஒரே ஒரு வசனம்.

"காணும் ஓடினது."

3

பயிற்சி.

ரொறொன்ரோ தோசைக்கல்லு மாதிரித் தட்டையான ஊர். மலையோட்டத்துக்கு இங்கே பழகுவது கிணற்றுக்குள் கப்பல் விடுகிற வேலை. இருந்தாலும் மோர்னிங்சைட்டில் நாங்கள் இருக்கிற கட்டிடத்துக்கு ஒரு அவசர வழிப் படிக்கட்டு உண்டு. வேலை முடிந்து மிசிசாகாவிலிருந்து நெடுஞ்சாலை நெரிசலில் ஊர்ந்து வந்து, காரை நிறுத்திவிட்டு, முதுகுப்பையில் அரிசிப் பையை வைத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டில் ஏறி இறங்குவேன். மேல் மாடியில் இருக்கிற அங்கிள் ஒருவர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, எலிவேற்றர் திரும்பவும் பழுதோ?"

"இல்லை அங்கிள், அது நல்லாத்தான் இருக்கு."

"அப்ப உமக்குத்தான் ஏதோ பழுது" என்று கதவைச் சாத்தினார்.

சனிக்கிழமைகளில் றூஜ் பள்ளத்தாக்கு. மாரியில் மூக்கு மயிர் உறைகிற குளிரிலும் போவேன். என் கணவர் செல்வம் காரில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு எனக்காகக் காத்திருப்பார். நல்ல மனிதர். எனக்கு விசர் என்று அவருக்கு உறுதியாகத் தெரியும், ஆனாலும் பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டுவருவார்.

வெக்ஸ்போர்ட்டில் இருக்கிற அவருடைய தங்கை பரிமளாவுக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒருநாள் வந்து கதிரையில் இருந்ததும் இராததுமாகத் தொடங்கினாள்.

"மச்சாள், அபிக்குக் கலியாணம் பேசுற நேரத்தில நீங்கள் உந்த வயசில காற்சட்டையோட றோட்டில ஓடுறியள். ஆக்கள் கேக்கினம்."

"என்ன கேக்கினம்?"

"உது ஆர் ஓடுறதெண்டு கேக்கினம்."

"கந்தையாவெண்டு சொல்லும்" என்றேன்.

அபி எங்கள் ஒரே மகள். அவளுக்குக் கலியாணம் பேசுகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. டவுன்ரவுனில் தனியாக இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கறி நிரப்பிய டப்பாக்களைக் கொண்டுபோவாள்.

4

இந்தப் பகுதி ஓட்டத்துக்குச் சம்பந்தமில்லாதது. ஆனாலும் எல்லோரும் கேட்பதால் எழுதுகிறேன்.

இங்கே ஒரு பத்திரிகைக்காரப் பெண் என்னைப் பற்றி எழுத வந்தாள். அன்பான பிள்ளை. யுத்தத்திலிருந்து ஓடி வந்தவள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறாள் என்று எழுத அவளுக்கு ஆசை. தலைப்பைக்கூட யோசித்துக்கொண்டுதான் வந்திருந்தாள். நான் மாட்டேன் என்றேன்.

தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்தபோது நானும் அந்த மழைக்குள் நின்றேன். அன்று ஒருவரும் ஓடவில்லை. ஓடுவதற்கு இடம் வேண்டும். முன்னால் நின்றவரின் முதுகு என் முகத்தில் முட்டிக்கொண்டிருந்தது. ஒரு காலை எடுத்தால் வைக்க இடமில்லை. அந்த நெருக்கத்தில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை நின்று நின்று நகர்ந்தேன்.

ஆகவே என் ஓட்டத்துக்கும் யுத்தத்துக்கும் முடிச்சுப் போட வேண்டாம் என்று அவளுக்குச் சொன்னேன். என்னை இப்போது ஒருவரும் துரத்தவில்லை. இடம் இருக்கிறது, கால் இருக்கிறது, ஓடுகிறேன். அவள் அந்தக் கட்டுரையை எழுதவேயில்லை. எழுதாவிட்டால் போகட்டும்.

5

கொண்டுபோக வேண்டியவை.

தலை விளக்கு, மழை அங்கி, விசில், வெள்ளித்தாள் போன்ற ஒரு போர்வை. புறப்படும் முன் பையைத் திறந்து சோதிப்பார்கள். இதோடு ஒரு கோப்பையும் கட்டாயம். தரிப்பிடங்களில் எறிகிற கோப்பை தர மாட்டார்கள். உங்களுடைய கோப்பையை நீங்களே நீட்ட வேண்டும்.

என்னுடையது மடிக்கிற றப்பர்க் கோப்பை, சிவப்பு நிறம். நான்கு வருடத்துக்கு முன் முதல் தடவை போனபோதும் அதைத்தான் கொண்டுபோனேன்.

அந்த முதல் தடவையைக் கேளுங்கள். வெள்ளிக்கிழமை மாலை புறப்பட்டு, சனிக்கிழமை பின்நேரம் இத்தாலிப் பக்கத்துக் கடைசித் தரிப்பிடத்துக்கு வந்தேன். கெடு நேரத்துக்கு இன்னும் அவகாசம் இருந்தது. அங்கிருந்து பெரிய ஏற்றம், ஏறி முடித்தால் சுவிஸ். பகல் முழுக்க இனிப்பும் சீஸும் தின்று வயிறு புரட்டிக்கொண்டிருந்தது. சூடாக, உப்பாக ஏதாவது தவிர வேறொன்றும் தொண்டைக்குள் இறங்காது. கூடாரத்துக்குள் ஒரு பெரிய பானையில் சேமியா போட்ட சூப் கொதித்தது. அதன் மணத்துக்கே கண் கலங்கியது.

அகப்பையோடு நின்ற இத்தாலியப் பெண்ணுக்கு என் வயதிருக்கும். சிரித்துக்கொண்டு, சூப் வேண்டுமா என்று கேட்டாள்.

"நோ, நோ, தாங்க் யூ" என்றேன்.

இதை வாசிக்கிற உங்களில் ஒருவருக்காவது ஏனென்று நான் விளக்க வேண்டுமா? ஒரு வீட்டுக்குப் போனால் முதல் தரம் கேட்கும்போது வேண்டாம் என்றுதான் சொல்ல வேண்டும். "இப்பதான் குடிச்சிட்டு வாறம்" என்று, குடிக்காமலே சொல்ல வேண்டும். அவர்கள் "சும்மா இருங்கோ, ஒரு வாய்" என்பார்கள். அதற்கும் தலையை ஆட்ட வேண்டும். மூன்றாம் தரம் கேட்காமலே கொண்டுவந்து கையில் வைப்பார்கள். அப்போது வேறு வழியில்லாதது போல வாங்க வேண்டும். எவருடைய படலையைத் திறக்கும் முன்னும் அப்பா எங்களைத் திரும்பி ஒருமுறை பார்ப்பார். அந்தப் பார்வைக்கு அர்த்தம், பலகாரத்தட்டு வந்ததும் பாய்ந்து எடுக்கக்கூடாது என்பதுதான்.

இத்தாலியப் பெண்ணுக்கு அப்பாவைத் தெரியாது. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, அடுத்தவனின் கோப்பையில் ஊற்றினாள்.

நான் போகவில்லை. சிவப்புக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு, அரைச் சிரிப்போடு, அவளுடைய இரண்டாவது கேள்விக்காக நின்றேன். அவள் என்னைப் பார்த்து மீண்டும் சிரித்தாள். என் மார்பில் இருந்த பெயரைத் தன் வாய்க்கு வந்தபடி வாசித்து, "பிராவா, கண்டியா" என்று பாராட்டினாள். பிறகு மற்றவர்களைக் கவனிக்கப் போய்விட்டாள். வேண்டாம் என்ற வாயால் திரும்பிக் கேட்க வெட்கமாக இருந்தது. கோப்பையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஏற்றத்தில் ஏறத் தொடங்கினேன்.

பாதி ஏற்றத்தில் கால்கள் கழன்றன. ஒரு கல்லில் குந்தினேன், எழும்பினேன், திரும்பக் குந்தினேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லோரும் முன்னால் போனார்கள். சுவிஸ் பக்கத்துத் தரிப்பிடத்துக்கு நான் இறங்கிச் சேர்ந்தபோது கெடு நேரம் கடந்திருந்தது. பஸ்ஸில் ஏற்றினார்கள். பயிற்சி குறைந்து தோற்கவில்லை, உடம்பு உடைந்து தோற்கவில்லை. உபசாரம் பார்த்துத் தோற்றேன். உலகத்தில் எந்த ஓட்டக்காரியும் இப்படித் தோற்றிருக்க மாட்டாள்.

6

வீட்டுக்கு வந்தபின் ஒருநாள் பரிமளாவும் இருந்தாள், அபியும் வந்திருந்தாள். நடந்ததைச் சொன்னேன். அபி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அம்மா, யு வேர் ஸ்ரார்விங். ஏன் நோ சொன்னனீங்கள்?"

"அவ திருப்பிக் கேப்பாவெண்டு நினைச்சன்."

"ஷி ஆஸ்க்ட். நீங்கள் ஆன்சர் பண்ணிட்டீங்கள்."

சிறுபிள்ளையாக இருந்தபோது அபி யாராவது ஐஸ்கிறீம் வேண்டுமா என்றால் உடனே "ஓம்" என்பாள். காருக்குள் வந்து நான் அவளை ஏசியிருக்கிறேன், வளர்ப்புச் சரியில்லை என்று ஆக்கள் சொல்லப்போகினம் என்று. இந்தப் பிள்ளைகள் எங்களை விட்டு எவ்வளவோ தூரம் போய்விட்டார்கள் என்று நாங்கள் கூடிக்கூடிப் புலம்புகிறோம். அவள் போன தூரத்தில் இதுவும் ஒன்று. இந்த ஒன்றில் அவள் போனது நல்ல பக்கம்தான்.

அன்று யோசிக்க யோசிக்க எனக்கு வேறொன்றும் விளங்கியது. நான் வேலை செய்கிற சரக்கு அலுவலகத்தில், சில வருடங்களுக்கு முன் மேற்பார்வையாளர் இடம் வெறுமையானது. மேலாளர் என்னைக் கூப்பிட்டு எடுக்கிறீர்களா என்றார். "ஐயோ நானோ, வேறு யாருக்காவது கொடுங்கோ" என்று ஆங்கிலத்தில் அடக்கமாகச் சொல்லிவிட்டு, அவர் வற்புறுத்துவார் என்று மேசைக்குப் போய்க் காத்திருந்தேன். நான் வேலை பழக்கிவிட்ட ஒருவனின் பெயரோடு மின்னஞ்சல் வந்தது. அந்த ஆள்மீது இத்தனை காலமாகக் கறுவிக்கொண்டிருந்தேன். அவன் செய்ததெல்லாம் கேட்டவுடன் ஓம் சொன்னதுதான்.

அபி போனபின் செல்வம் சாப்பாட்டுக் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு, திரும்பிப் பாராமல் ஆறுதலாகச் சொன்னார். "இனி விடும் சுகந்தி. ஓடினது காணும்."

"அதுதானே" என்றாள் பரிமளா.

செல்வத்துக்கு அப்பாவின் கதை தெரியாது. நான் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் பதின்மூன்று வயதில் வாயை மூடிக்கொண்டு நின்றவள் இப்போது அந்தக் குசினியில் நிற்கவில்லை. "காணுமோ காணாதோ எண்டு நான் சொல்லுறன்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. பரிமளா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். இன்னொரு முறை போவேன், இந்த முறை முடித்துக்கொண்டுதான் வருவேன் என்று அவளுக்கும் சேர்த்துச் சொன்னேன். அவள் மூலம் அது ஸ்காபரோ முழுக்கப் போகும் என்று தெரிந்துதான் சொன்னேன். திரும்பத் தோற்றால் கோயிலில், கலியாண வீட்டில், மரக்கறிக் கடையில் எல்லோருக்கும் நான் பகிடிதான்.

7

திரும்பவும் சின்ன ஓட்டங்கள், திரும்பவும் குலுக்கல், திரும்பவும் படிக்கட்டு. போன வருடம் பெயர் விழுந்தது. இந்த வயதில் மூன்றாவது தடவை ஒன்று வருமென்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

செல்வமும் வந்தார். ஓடுகிறவர் எங்கே நிற்கிறார் என்பதைத் தொலைபேசியில் ஒரு புள்ளியாகக் காட்டுவார்கள். கனடாவில் இருந்தவர்கள் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புள்ளியின் பெயர் கந்தையா.

சனிக்கிழமை பின்நேரம், அதே இத்தாலிப் பக்கத்துத் தரிப்பிடம். முதல் தடவையைவிடப் பிந்தித்தான் வந்தேன், கெடு நேரம் கழுத்தில் நின்றது. வயிறு அதே புரட்டல். பானையில் அதே சேமியா. அகப்பையோடு இந்த முறை ஒரு தாடிக்கார மனிதர். அவர் வாயைத் திறக்கும் முன் நான் கோப்பையை நீட்டினேன். களைப்பில் ஆங்கிலம் எங்கேயோ விழுந்துவிட்டது.

"ஓம், ஊத்துங்கோ" என்றேன், சுத்தத் தமிழில்.

ஊற்றினார். நின்றபடி குடித்துவிட்டுத் திரும்ப நீட்டினேன். ஊற்றினார். மூன்றாம் தரமும் நீட்டினேன். எனக்குப் பின்னால் ஆட்கள் நின்றார்கள். அப்பாவின் கண் என் பிடரியில் படுவது போலத்தான் இருந்தது. திரும்பிப் பார்க்கவில்லை, குடித்தேன். பானைக்குப் பக்கத்தில் வெட்டி வைத்திருந்த பாணில் ஒரு துண்டையும் கேட்டு வாங்கி மழை அங்கியின் பொக்கற்றுக்குள் செருகிக்கொண்டு வெளிக்கிட்டேன்.

ஏற்றம் ஏற்றம்தான், சூப் குடித்ததற்காக அது சரிந்து கொடுக்கவில்லை. ஆனால் இந்த முறை கல்லில் குந்தவில்லை. சுவிஸ் பக்கத்துத் தரிப்பிடத்தில் கெடுவுக்குள் நுழைந்தேன். அங்கேயும் கோப்பையை நீட்டினேன். இதற்குப் பிறகு இருந்த ஏற்றங்களைப் பற்றி எழுத எனக்கு நல்ல வார்த்தைகள் இல்லை. கெட்ட வார்த்தைகள் இருக்கின்றன, பள்ளிக்கூட மலரில் போட மாட்டார்கள்.

ஞாயிறு மத்தியானம் கடைசித் தரிப்பிடத்தில் தொலைபேசி அடித்தது. பரிமளா.

"மச்சாள், நேத்து உங்கட புள்ளி அந்த இத்தாலிக் கூடாரத்தில கனநேரம் அசையாம நிண்டது. எனக்கு நெஞ்சு பதைச்சுப் போச்சு."

"சூப் குடிச்சனான்."

"எத்தினை?"

"மூண்டு."

"சரி, வையுங்கோ போனை. கதைச்சுக்கொண்டு நிக்காம ஓடுங்கோ" என்றாள். கனடாவில் அப்போது விடிகாலை, ஆனாலும் பின்னால் நிறைய ஆட்களின் சத்தம் கேட்டது. வீட்டில் ஏதும் விசேஷமோ என்று கேட்டேன். எல்லோரும் புள்ளி பார்க்க வந்திருக்கிறார்கள் என்றாள்.

8

முடிவிடம் ஊருக்கு நடுவில். தேர் பார்க்க நிற்பது போலத் தெருவின் இரண்டு பக்கமும் சனம் நிற்கும். கெடு நேரம் நெருங்க நெருங்கச் சத்தம் கூடும். முதலாவதாக வருகிறவனுக்குத் தட்டுவதைவிடக் கடைசியாக வருகிறவர்களுக்குத்தான் அந்த ஊர் பலமாகக் கை தட்டும்.

அந்தத் தெருவில் நான் திரும்பியபோது ஒரு பெண் என் மார்பைப் பார்த்து வாசித்தாள். "ஆலே, கண்டியா." அவளுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். தெருவின் இந்தப் பக்கம் கண்டியா, அந்தப் பக்கம் கண்டியா. ஒலிபெருக்கிக்காரனும் தொடங்கினான். முன்பின் தெரியாத வெள்ளைக்காரச் சனம் எங்கள் ஊர் போஸ்ட் மாஸ்டரை ஓடு ஓடு என்று கத்தியது.

அதிபரின் அறை வாசலில் வெள்ளை வேட்டியோடு நின்ற மனிதரை நினைத்தேன். பாலத்தில் என் கையை விடாமல் பிடித்திருந்தவரும் அவர்தான். அவர் இருந்தவரை அவருக்கு நான் கனடாவிலிருந்து எத்தனையோ எழுதினேன், ஓடுகிறேன் என்று மட்டும் எழுதவில்லை. அழுகை வந்தது. கோபத்தில்தான் வந்தது என்று இப்போதும் சொல்வேன்.

கெடு நேரத்துக்குள் கோட்டைத் தாண்டினேன். செல்வம் கம்பித் தடுப்பில் சாய்ந்து நின்றார். அவருக்கும் கண் சிவந்திருந்தது. ஓடி முடித்தவர்களுக்குக் கொடுக்கிற கையில்லாத மேலங்கியை ஒரு பிள்ளை நீட்டினாள். வேண்டுமா என்று அவள் கேட்டு முடிக்கவில்லை, நான் வாங்கிப் போட்டுவிட்டேன். "இனியும் ஓடப் போறீரோ?" என்றார் செல்வம். "ஓம்" என்றேன்.

இனித் தவமணி கேட்ட புத்திமதி. பிள்ளைகளே, கோப்பையை மறக்க வேண்டாம். கேட்டவுடன் ஓம் என்று சொல்லுங்கள், கேட்காவிட்டாலும் நீட்டுங்கள். வீட்டிலே யாராவது "காணும் ஓடினது" என்றால் அவரோடு வாதாடி மினக்கெட வேண்டாம். அவருடைய பெயரை நெஞ்சிலே குத்திக்கொண்டு ஓடுங்கள்.